இடிமழையை முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர்: டேட்டா அசிமிலேஷன் என்றால் என்ன?

"இன்று மாலை இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்று டிவியிலும் செல்போனிலும் அடிக்கடி பார்க்கிறீர்கள். சில நாட்கள் சொன்னபடியே கொட்டித் தீர்க்கிறது. சில நாட்கள் பக்கத்து ஊரோடு நின்று விடுகிறது. "இவ்வளவு பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களை வைத்துக் கொண்டும் ஏன் சரியாகச் சொல்ல முடிவதில்லை?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

கூட்டல் கழித்தலில் கம்ப்யூட்டர் தவறுவதில்லை. கணக்கைத் தொடங்கும்போது நாம் கொடுக்கும் எண்களில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்தச் சட்டியில் சரியான எண்களைப் போடும் வேலைக்குத்தான் டேட்டா அசிமிலேஷன் என்று பெயர். தமிழில் தரவு உள்வாங்கல் எனலாம். இது இடிமழைக் கணிப்பை எப்படி மாற்றுகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பயப்பட வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் போதும்.

வானிலை மாடல் என்பது என்ன?

எக்ஸெல் ஷீட்டில் கட்டம் கட்டமாகச் செல்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஷீட்டின் மேல் இன்னொரு ஷீட்டாக ஐம்பது ஷீட்களை அடுக்கியதாக நினைத்துக் கொள்ளுங்கள். வானிலை மாடல் என்ற ப்ரோகிராம் வளிமண்டலத்தை இப்படித்தான் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை ஆகிய எண்கள் இருக்கும். இயற்பியல் விதிகளைக் கொண்டு, சில விநாடிகள் கழித்து இந்த எண்கள் எப்படி மாறும் என்று மாடல் கணக்கிடும். அந்த விடையை வைத்து அடுத்த சில விநாடிகள். இப்படியே நாளை, நாளை மறுநாள் வரை போய்க்கொண்டே இருக்கும்.

உலகம் முழுவதையும் கணக்கிடுவது உலக மாடல். தமிழ்நாடு போன்ற ஒரு பகுதியை மட்டும் நெருக்கமான கட்டங்களில் கணக்கிடுவது வட்டார மாடல். ஏன் இரண்டு? கட்டத்தின் அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் கட்டங்களின் எண்ணிக்கை 4 மடங்காகும். நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை 8 மடங்கு. உலகம் முழுவதற்கும் இதைச் செய்வது பெரிய செலவு. ஓர் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும் என்பதால் 3 அல்லது 4 கி.மீ. கட்டம் தேவை. எனவே நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பகுதியின் நான்கு ஓரங்களில் உள்ளே வரும் காற்று எப்படிப்பட்டது என்ற விவரத்தை உலக மாடல் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடிமேகம் எப்படி உருவாகிறது?

தண்ணீருக்குள் ஒரு பந்தை அமுக்கிப் பிடித்து, கையை எடுத்தால் என்ன ஆகும்? குபீரென்று மேலே வரும். தரைக்கு அருகில் உள்ள சூடான, ஈரமான காற்றும் அப்படித்தான். ஒரு பிடி காற்று மேலே ஏறும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி குளிரும். அதில் உள்ள நீராவி மேகமாக மாறத் தொடங்கியதும் வெப்பம் வெளிப்படும். அதனால் அதன் பிறகு ஏறக்குறைய பாதி அளவே குளிரும். சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாகவே இருந்தால் மேலும் மேலும் ஏறும். இந்த நிலைமைக்குத்தான் வளிமண்டல நிலையின்மை என்று பெயர்.

இதை அளக்க கேப் என்று ஓர் அளவு உண்டு. ஏறும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய சக்தியை ஒரு கிலோவுக்கு இத்தனை ஜூல் என்று அது சொல்லும். கேப் 2,000 என்றால் அதை 2 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். விடை சுமார் 63. அதாவது கொள்கை அளவில் காற்று விநாடிக்கு 63 மீட்டர் வேகம் வரை மேலே பாயலாம். நிஜத்தில் உராய்வாலும் மழைத்துளிகளின் பாரத்தாலும் வேகம் இதைவிட நன்றாகக் குறையும்.

கேப் அதிகம் இருந்தாலே இடி இடிக்குமா? இல்லை. குக்கர் மூடியின் மேல் வெயிட் இருப்பதுபோல, ஈரக் காற்றின் மேல் சூடான வறண்ட காற்று ஓர் அடுக்காக உட்கார்ந்திருக்கும். சென்னையில் கோடைக்காலத்தில் கடற்காற்று கீழே ஈரத்தைக் கொண்டு வரும். அதற்கு மேலே உள்நாட்டிலிருந்து வரும் மேற்குக் காற்று மூடிபோல நிற்கும். வெயிட் தூக்கினால் மாலையில் மழை. தூக்காவிட்டால் புழுக்கம் மட்டும்தான்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தரைக்கு அருகில் ஈரம் கொஞ்சம் கூடினாலே கேப் சில நூறு ஜூல் எகிறிவிடும். ஆகவே மற்ற எந்தக் கணிப்பையும்விட இடிமழைக் கணிப்பில் தொடக்க எண்களின் தரம் மிகவும் முக்கியம்.

தொடக்க எண் தவறினால் என்ன ஆகும்?

இதற்கு வரலாற்றில் இரண்டு கதைகள் உண்டு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையைக் கணக்கிட்டார். 1922-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த விடை, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்பது. பெரும் புயலில்கூட அப்படி மாறாது. அன்று உண்மையில் மாற்றமே இல்லை எனலாம். பல ஆண்டுகள் கழித்து பீட்டர் லிஞ்ச் என்ற வானிலை அறிஞர் அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். தொடக்க எண்களில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இருந்த பொருத்தமின்மையைச் சரிசெய்த பிறகு விடை 1 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே வந்துவிட்டது! ரிச்சர்ட்சனின் வழி சரி, தொடங்கிய எண்களில்தான் கோளாறு.

இரண்டாவது கதை 1961-இல் அமெரிக்காவில் நடந்தது. எட்வர்ட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி எல்ஜிபி-30 என்ற மேஜை அளவு கம்ப்யூட்டரில் ஒரு சிறிய வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்டினார். மெஷினுக்குள் இருந்த எண் 0.506127. பிரிண்ட்அவுட்டில் இருந்ததைப் பார்த்து அவர் டைப் செய்தது 0.506. இந்தச் சின்ன வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து, கடைசியில் முற்றிலும் வேறு வானிலையைக் காட்டியது.

டேட்டா அசிமிலேஷன் என்ன செய்கிறது?

"அப்படியானால் எல்லா இடத்திலும் அளந்து எண்களை நிரப்பி விடலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. மாடலுக்குக் கோடிக்கணக்கான பெட்டிகள் உண்டு. வானத்தின் உள்ளே நேரடியாக அளக்கும் பலூன்களோ மிகக் குறைவு. சென்னையில் மீனம்பாக்கத்திலிருந்து பலூன் விடப்படுகிறது. உலகெங்கும் பலூன்களுக்கு வைத்திருக்கும் நேரம் நம் கடிகாரப்படி காலை 5.30, மாலை 5.30. இடையில் உள்ள நேரத்துக்கும் இடத்துக்கும் என்ன செய்வது?

இங்கேதான் தந்திரம் இருக்கிறது. சில மணி நேரத்துக்கு முன்பு ஓடிய மாடலே இந்த நேரத்துக்கு ஒரு கணிப்பைக் கொடுத்திருக்கும். அது எல்லாப் பெட்டிகளையும் நிரப்பியிருக்கும், ஆனால் கொஞ்சம் பிழையோடு. நிஜ அளவீடுகள் சில இடங்களில் மட்டும் இருக்கும், அவற்றிலும் சிறிது பிழை உண்டு. இரண்டையும் அவற்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்பக் கலப்பதுதான் டேட்டா அசிமிலேஷன்.

உதாரணம் பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் பனிநிலை வெப்பநிலை 12 டிகிரி என்று மாடல் சொல்கிறது. காற்றின் ஈரத்தைக் காட்டும் அளவு இது. கூடினால் ஈரம் அதிகம் என்று பொருள். மாடலின் வழக்கமான பிழை 2 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். பலூன் 17 டிகிரி என்கிறது, அதன் பிழை 1 டிகிரி. பிழைகளின் வர்க்கம் 4, 1. பலூனுக்குக் கொடுக்கும் எடை 4-ஐ 5 ஆல் வகுத்தால் வரும் 0.8. வித்தியாசம் 5 டிகிரி. அதில் 0.8 பங்கு 4 டிகிரி. ஆகவே புதிய மதிப்பு 12 + 4 = 16 டிகிரி. இந்த விடையில் எதிர்பார்க்கும் பிழை சுமார் 0.9 டிகிரி. மாடல், பலூன் இரண்டையும்விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்!

உண்மையில் திருத்தம் அந்த ஒரு பெட்டியோடு நிற்பதில்லை. இங்கே ஈரம் அதிகம் என்றால் பக்கத்துப் பெட்டிகளிலும் அதிகமாகவே இருக்கும் என்ற கணிப்பில், தூரத்துக்கு ஏற்பக் குறைத்துக் குறைத்துப் பரப்புவார்கள். காற்று, அழுத்தம், வெப்பம் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தும்படியும் திருத்துவார்கள். ரிச்சர்ட்சனுக்கு ஏற்பட்ட கோளாறு இப்போது வராமல் இருக்க இதுதான் காரணம்.

எக்ஸெல்லில் செய்து பாருங்கள்

இடிமழை வாய்ப்பைச் சொல்லும் எளிய அளவு ஒன்று உண்டு. பெயர் கே இன்டெக்ஸ். புதிய ஷீட்டைத் திறந்து பி1 முதல் பி5 வரை கீழ்க்கண்ட எண்களை டைப் செய்யுங்கள். (பி என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

பி1: 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் (சுமார் 1.5 கி.மீ. உயரம்) வெப்பநிலை, 21
பி2: 700 மட்டத்தில் (சுமார் 3 கி.மீ.) வெப்பநிலை, 11
பி3: 500 மட்டத்தில் (சுமார் 5.8 கி.மீ.) வெப்பநிலை, -6
பி4: 850 மட்டத்தில் பனிநிலை, 12
பி5: 700 மட்டத்தில் பனிநிலை, 1

பி6-இல் இந்த ஃபார்முலாவைக் கொடுங்கள்: =(பி1-பி3)+பி4-(பி2-பி5)

விடை 29 வரும். இப்போது பி4-இல் 12-ஐ அழித்துவிட்டு, மேலே நாம் கண்டுபிடித்த 16-ஐப் போட்டு என்டர் தட்டுங்கள். விடை 33 ஆகிவிடும். அமெரிக்காவில் வழக்கமாகப் பயன்படுத்தும் அட்டவணைப்படி 26 முதல் 30 வரை இடிமழைக்கு 40 முதல் 60 சதவீத வாய்ப்பு. 31 முதல் 35 வரை 60 முதல் 80 சதவீதம். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளுக்கு இந்த எல்லைகள் மாறும். ஆனாலும் ஒரே ஓர் எண்ணைத் திருத்தியதும் விடை எப்படி மாறுகிறது என்பது புரிந்திருக்கும். வட்டார மாடலுக்குள் டேட்டா அசிமிலேஷன் செய்வதும் இதையேதான், லட்சக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில்.

நிஜ எண்கள் வேண்டுமா? அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக வெப்சைட்டில் உலகெங்கும் விடப்படும் பலூன்களின் அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கும். சென்னையின் நிலைய எண் 43279. கேப், கே இன்டெக்ஸ் இரண்டையும் அவர்களே கணக்கிட்டுக் கீழே கொடுத்திருப்பார்கள். கோடைக்காலத்தில் அதைத் திறந்து, அன்று மாலை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

எந்த டேட்டா எதைத் திருத்தும்?

பலூன்: வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் அடுக்கடுக்காக அளக்கும். குக்கர் வெயிட் போன்ற அந்த மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும். இடமும் நேரமும் குறைவு என்பதே இதன் குறை.

டாப்ளர் ரேடார்: மழை எங்கே பெய்கிறது, அங்கே காற்று எப்படி நகர்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை காட்டும். சென்னையில் 2002-இல் நிறுவப்பட்டது. மழை தொடங்குவதற்கு முன் உள்ள தெளிந்த வானத்தைப் பற்றி அது அதிகம் சொல்லாது.

செயற்கைக்கோள்: 2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, வளிமண்டலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் மேலிருந்து கணிக்கும் சவுண்டர் கருவியைச் சுமந்து சென்றது. கடல் மேலும் டேட்டா கிடைப்பது பெரிய லாபம். ஆனால் இத்தகைய கருவிகளுக்கு மெல்லிய அடுக்குகள் மங்கலாகவே தெரியும்.

ஜிபிஎஸ்: உங்கள் செல்போன் வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அதே சிக்னல்தான்! காற்றில் ஈரம் அதிகமானால் சிக்னல் மிகச் சிறிது தாமதமாக வரும். அந்தத் தாமதத்திலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

விமானம்: ஏறும்போதும் இறங்கும்போதும் வெப்பநிலையையும் காற்றையும் அளந்து அனுப்பும். 2020-இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது இந்த டேட்டா பெருமளவு குறைந்து, உலகெங்கும் வானிலை மையங்கள் கவலைப்பட்டன.

பலன் எத்தனை மணி நேரம் நிற்கும்?

டேட்டா அசிமிலேஷன் இல்லாமல் வட்டார மாடலைத் தொடங்கினால் அதில் மேகமே இருக்காது. உலக மாடலின் பெரிய கட்டங்களிலிருந்து எடுத்த வழவழப்பான எண்கள்தான் இருக்கும். அவற்றிலிருந்து தானாக மழை மேகம் உருவாகப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் நிஜ வானத்தில் மழை பெய்து ஓய்ந்திருக்கும்! ரேடார் டேட்டாவை உள்வாங்கித் தொடங்கினால் முதல் மணி நேரத்திலிருந்தே மழை ஏறக்குறைய சரியான இடத்தில் இருக்கும். அமெரிக்காவில் 2014-இல் வழக்கமான பயன்பாட்டுக்கு வந்த எச்ஆர்ஆர்ஆர் என்ற 3 கி.மீ. மாடல் இதற்காகவே மணிக்கு ஒருமுறை புதிய டேட்டாவோடு ஓடும்படி அமைக்கப்பட்டது.

ஆனால் இந்தப் பலன் நாள் முழுக்க நிற்காது. ரேடார் டேட்டாவின் பலன் பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களில்தான். ஓரங்களில் உலக மாடல் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? நேரம் போகப் போக அந்தக் காற்று உள்ளே நுழைந்து, நாம் திருத்திய காற்றை வெளியே தள்ளிவிடும். போதாக்குறைக்கு லோரன்ஸ் கண்ட வளரும் பிழையும் சேர்ந்து கொள்ளும்.

சில சமயம் திருத்தமே கெடுதலும் செய்யும். சென்னைப் பலூன் காட்டும் கடற்காற்றின் ஈரத்தை அளவுக்கு மீறி மேற்கே பரப்பினால், உண்மையில் வறண்டிருக்கும் உள் மாவட்டங்களில் மாடல் பொய்யாக இடிமழை பெய்விக்கும். மாறாக, ரேடார் பார்த்த மழையை மட்டும் மாடலில் போட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைத் திருத்தாமல் விட்டால், அந்த மழை விரைவில் மாடலுக்குள் ஆவியாகிவிடும். மழையைப் போட்டால் போதாது, மழையைத் தாங்கும் நிலையின்மையையும் சேர்த்துப் போட வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் மட்டும் இதைத் தீர்க்காது. 2024-இல் இந்தியா தொடங்கிய அர்கா, அருணிகா என்ற கம்ப்யூட்டர்களின் வேகம் முறையே 11.77, 8.24 பெட்டாஃப்ளாப். அவற்றுக்கும் நல்ல தொடக்க எண்கள் வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் முடியுமா?

முடியும்! டபிள்யூஆர்எஃப் என்ற வட்டார மாடலை அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையமும் பிற அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கி இலவசமாகத் தருகின்றன. இந்திய வானிலைத் துறையும் பயன்படுத்தியிருக்கும் மாடல் இது. லினக்ஸில் இயங்கும். ஃபோர்ட்ரான் கம்பைலர் வேண்டும். தொடக்க எண்களுக்கும் ஓர எண்களுக்கும் அமெரிக்க உலக மாடலின் டேட்டாவை டவுன்லோட் செய்யலாம். நான் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய பகுதிக்கு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே இதில் இறங்க வேண்டாம். லினக்ஸ் பழகிய பிறகு, முதலில் அசிமிலேஷன் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு அதனுடனேயே கிடைக்கும் டபிள்யூஆர்எஃப்டிஏ என்ற பகுதியைச் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு கேப் வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே படத்தில் விளங்கும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். வயலிலும் மரத்தடியிலும் இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் செய்தி கிடைத்தால் வீட்டுக்குள் போய்விடலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் டேட்டா அசிமிலேஷன் நன்றாகப் பலன் தரும் நேரம். அதனால்தான் ஒவ்வொரு பலூனும் ரேடாரும் முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். காலையில் பார்த்த கணிப்போடு நின்று விடாதீர்கள். மாலையில் வெளியே போகுமுன் புதிய கணிப்பையும் ரேடார் படத்தையும் ஒருமுறை பாருங்கள். இடிச் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் வந்து விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே போங்கள். இடி நெருங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்து, பிளக்கையும் மோடத்துக்கு வரும் கேபிளையும் கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. யுபிஎஸ் இருக்கிறதே என்றும் இருந்துவிடாதீர்கள், மின்னலைத் தடுப்பது அதன் வேலை அல்ல.